நண்பன் இல்லாமல் திறந்த பானெட்

எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். அப்போது நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய பெட்ரோல் வண்டி. அதைப் பார்த்துக்கொண்டது என் நண்பன். பழனி ரோட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். இருவருக்கும் ஒரே வயது.

இன்ஜினை ட்யூன் செய்யும்போது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசிக்கொண்டேதான் வேலை பார்ப்பான். பாதி ஊர்க்கதை, பாதி இன்ஜின் கதை. "ஏலே மாப்ளே, ஒரு நாளாச்சும் நீ கழட்டிப் பாரேன். வண்டி ஓட்டுறவனுக்கு இம்புட்டாச்சும் தெரியணும்ல?" என்பான். "நீ இருக்கயில எனக்கெதுக்குப்பா?" என்று நகர்ந்துவிடுவேன். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓட்டுவது என் வேலை, பழுது பார்ப்பது தெரிந்தவன் வேலை. அரைகுறையாகக் கை வைத்தால் இருப்பதும் கெட்டுப்போகும் என்பது என் கட்சி.

அந்த வருஷம் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. நாட்டு மருந்தில் கொஞ்ச நாள் போய், முற்றிய பிறகுதான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த நாட்களில் என் வண்டி இழுவை குறைந்து திணறத் தொடங்கியிருந்தது. வேறு மெக்கானிக்கிடம் விட மனசு வரவில்லை. அவன் எழுந்து வந்து பார்க்கட்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து வரவில்லை. ஒரு நாள் காலையில் அவன் போய்விட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பின் சீட்டில் அவனைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்தார். முன்னால் என் பக்கத்தில் அவருடைய தம்பி. எரியோடு பக்கம் அவர்கள் ஊர். பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழி நெடுக அந்தப் பெண் அழவில்லை. ஈ உட்காராமல் முந்தானையால் அவன் முகத்துக்கு விசிறிக்கொண்டே வந்தார்.

திண்டுக்கல் தாண்டி எரியோடு ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். சைலன்ஸர் ரெண்டு தடவை வெடித்தது. வண்டி குலுங்கி நின்றுவிட்டது. ரெண்டு பக்கமும் வெறும் சோளத்தட்டைக் காடு. நல்ல வெயில்.

தம்பி இறங்கினார். "அண்ணே, பஸ் வந்தா ஏறிப் போயி டவுன்ல ஒரு மெக்கானிக்கக் கூட்டியாரேன்" என்றார். நானும் அதுதான் சரி என்றேன். பஸ் எப்போது வரும், மெக்கானிக் கிடைப்பாரா, யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த வெயிலில் அவனை வைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

"நீங்களே பாருங்கண்ணே. அவரு கூட எம்புட்டு நாள் நின்னுருக்கீக."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"செத்த நேரம் பாருங்க. ஆகலேனா தம்பி போகட்டும்."

பானெட்டைத் திறந்தேன். எதைத் தொட்டு எதைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். ஆனால் வெடிச்சத்தம் கேட்டால் என் நண்பன் முதலில் எதைக் கழற்றுவான் என்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்தேன். உள்ளே பொறிக்காகத் திறந்து மூட வேண்டிய பாயிண்ட் கருகி, இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தது. ஸ்பார்க் எப்படி வரும்?

பாயிண்ட்டைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தும்போது அது விரலிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அதோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். தம்பி வண்டிக்கடியில் படுத்து, மண்ணைக் கையால் அரித்து அந்தச் சின்னத் திருகை எடுத்துக் கொடுத்தார். வண்டியின் டூல் பையில் கிடந்த உப்புத்தாளால் பாயிண்ட்டைத் தேய்த்தேன். இடைவெளி பார்க்கிற தகடு என்னிடம் இல்லை. அவசரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும் என்று அவன் யாரிடமோ சொன்னது ஞாபகம் வந்தது. வண்டியில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. அதைக் கிழித்து நடுவில் செருகி, திருகை இறுக்கி, அட்டையை உருவிவிட்டு மூடியைப் போட்டேன்.

தம்பி முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இன்ஜின் உறுமி, உடனே அணைந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி வைத்தேன். மறுபடி சுற்றினார். பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்த ஆடு மாதிரி வண்டி முழுக்க உதறியது, ஆனால் நிற்கவில்லை.

பானெட்டை மூடிவிட்டு ஓடிப்போய் ஏறினேன். வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னார்:

"இந்தச் சத்தத்த அவரு கேட்டா வைவாரு."

சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. அப்புறம் அது வெடித்து அழுகையாக மாறியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும். ஊர் போய்ச் சேரும்வரை அழுதார். நானும் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். இறக்கி வைத்தபோது வெளிச்சம் இருந்தது. செய்ய வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது.

அடுத்த வாரம் டவுனில் இன்னொரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். "பாயிண்ட் யாருங்க வச்சது? சுமாரா வச்சிருக்காங்க" என்று சொல்லி, புதுப் பாயிண்ட் போட்டு டைமிங்கைச் சரியாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பெரிய வேலைக்கெல்லாம் மெக்கானிக்கிடம்தான் போனேன். ஆனால் பாயிண்ட், பிளக், கார்புரேட்டர் சுத்தம் செய்வதையெல்லாம் மெல்ல மெல்ல நானே செய்யப் பழகினேன்.

எனக்கு யாரும் எதுவும் கற்றுக் கொடுக்கவில்லை என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். பிரியத்தோடு ஒருவன் பக்கத்தில் நின்று பேசிய பேச்செல்லாம் எத்தனை காலம் நமக்குள் பத்திரமாக இருக்கிறது என்று பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.