நடைபாதையில் நின்ற தொட்டிகள்

நீரிழிவால் என் கணவரின் இரண்டு கண்களும் போன பிறகு, வெள்ளைத் தடியுடன் தனியே நடக்க அவர் பல மாதங்கள் பழகினார். லண்டன் கோலியர்ஸ் வுட்டில், எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாலும் பாண் ரொட்டியும் வாங்கி வருவது அவருடைய வேலை. நான் கூட வரக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

குப்பை எடுக்கும் நாள் என்றால் ஜன்னலை விட்டு நான் அசையமாட்டேன். எங்கள் நடைபாதை ஒடுக்கமானது. சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியை வீட்டு எல்லைக்குள், வாசலோரமாக வைத்தால் போதும் என்றுதான் கவுன்சில் சொல்கிறது. பலர் அதை நடைபாதை நடுவில் உருட்டி விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள்.

அன்று பலத்த காற்று. பக்கத்து வீட்டுத் தொட்டி வழியை மறித்து நின்றது. அதற்கப்பால் இன்னொன்று விழுந்து கிடந்தது. அவருடைய தடி முதலாவதில் தட்டியது. கையால் தடவிப் பார்த்து மெல்ல விலகினார். அடுத்ததில் கால் இடறியது. மதிலைத் தேடிக் கையை நீட்டினார், அகப்படவில்லை. அப்படியே ரோட்டில் இறங்கிவிட்டார். வளைவில் ஒரு வான் திரும்பியது.

ஜன்னலைத் திறந்து, "நில்லுங்கோ, அதிலயே நில்லுங்கோ" என்று கத்தினேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் இன்னும் ஒரு அடி ரோட்டுக்குள் போனார். படியிறங்கி ஓடும்போது பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் வானின் முன்பக்கத்தில் ஒரு கையை ஊன்றியபடி நின்றார். டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்த யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட இளையவர்.

"தம்பி, உங்கட குப்பை 'பின்'னை உள்ளுக்கு வைக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"வெளியில வைக்காட்டி எடுக்கமாட்டாங்கள் அக்கா. போன முறையும் விட்டிட்டுப் போயிட்டாங்கள்."

"அதுக்கு இவர் ரோட்டில அடிபட்டுச் சாகிறதோ?"

"காணும், விட்டிட்டு வா" என்று என் கணவர் என் கையைப் பிடித்தார்.

வீட்டுக்குள் வந்தும் அவர் உட்காரவில்லை. "வான் வாறது எனக்குக் கேட்டது. நிக்கத்தான் போனனான். நீ கத்தினதிலதான் திசை மாறிப்போச்சு" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த முறை குப்பை நாளில் அவரைத் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை; தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஜன்னலிலிருந்து கீழே பார்த்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன் தொட்டியை வாசலுக்குள் இழுத்து, குப்பை எடுப்பவர்களுக்கு எட்டும்படி கைப்பிடியை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்தடுத்த வீட்டுத் தொட்டிகளையும் ஓரத்துக்குத் தள்ளினார்.

"அண்ணை, வழி கிளியராக் கிடக்கு. நேர போங்கோ" என்றார், வாசலுக்கு வந்த என் கணவரிடம்.

"ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு இவர் நடந்தார்.

கடைசி வீட்டில் வாடகைக்காரர்கள் அடிக்கடி மாறுவார்கள். அவர்களுடைய தொட்டி இன்னமும் நடுவில்தான் நிற்கும். இவர் புறப்படுவதற்கு முன்பே போய் அதை நான் ஓரமாக இழுத்து வைத்துவிடுகிறேன்.