ரேடியோத் தமிழும் அரசாங்கச் சல்லியும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மனிசர் கதைக்கிறதை விளங்கிக்கொள்ளுற கம்ப்யூட்டர் செய்ய அரசாங்கம் சல்லி ஒதுக்கியது. கொள்கை என்று ஒன்றும் எழுதினார்கள்: முதலில் சிங்களம், தமிழ் பிறகு. அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாதா? நானும் கொட்டாஞ்சேனைக்காரியான என் சிநேகிதியும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் தமிழ் விளங்குகிற மெஷினைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தோம். சல்லி வராவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சல்லி பிரித்துக் கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு நடையாய் நடந்தேன். என் கரைச்சல் தாங்காமல், சரி, கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் சல்லியை ஆருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவின் தலைவர்.

எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டுச் சனத்தைக் கூப்பிட்டு, பஸ், ட்ரெயின் விசாரிக்கிற கேள்விகளை மைக்கில் கேட்க வைத்தோம். அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் மெஷின் பழக வேண்டும். பழகியது. பிறகு, மீன் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவைச் சும்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னோம். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தது மெஷின். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கிக் கடலுக்குள் எறிந்திருப்பேன்.

பதிவுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் கூத்து விளங்கியது. மைக்கைக் கண்டதும் எங்கட சனம் அத்தனையும் ரேடியோச் செய்தி வாசித்திருக்கிறது! "புகையிரதம் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றது?" கோழிக்கடை அண்ணைகூட அப்படித்தான்.

எல்லாரையும் மறுபடி கூப்பிட்டோம். கண்டக்டரோட கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ என்று சிநேகிதி கெஞ்சினாள், நான் ஏசினேன். ஏச்சுத்தான் வேலை செய்தது. என்னோடு திருப்பிச் சண்டை பிடிக்கையில் எல்லாருக்கும் அசல் தமிழ் வந்தது. அதைக் கேட்டு மெஷினும் புதிதாய்ப் பழகியது.

கந்தோரில் மெஷினைக் காட்டுகிற அன்று தலைவர் எங்களை நம்பவில்லை. நீங்கள் பழக்கின மெஷினுக்கு உங்களை விளங்கும்தானே, வேறு ஆராவது கேட்கட்டும் என்று சிங்களத்தில் சொல்லி, மூலை மேசையிலிருந்த கிளார்க் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் தமிழ்ப் பெண் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் தமிழ் கதைத்து அந்தக் கந்தோரில் ஒருவரும் கேட்டதில்லை. பஸ்ஸில்கூட நாங்கள் குரலை அடக்கிக் கதைத்த காலம் அது. அவளும் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கே கேட்காத குரலில் என்னவோ கேட்டாள். மெஷின் அசையவில்லை.

"மிஸ், சத்தமாக் கேளுங்கோ," என்றேன்.

மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "விடிய வவுனியாவுக்குப் போற ட்ரெயின் எத்தனை மணிக்கு?"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரையில் அவளுடைய கேள்வி தமிழ் எழுத்தில் வந்தது, கீழே நேரமும் வந்தது. தலைவர் ட்ரெயின் நேர அட்டவணையை எடுத்துச் சரிபார்த்தார். பிறகு, கொள்கையை மாற்றி எழுதுங்கள், தமிழுக்கும் இந்த வருஷமே சல்லி என்று செயலாளரிடம் சொன்னார். சிநேகிதி என் கையை நசுக்கியே விட்டாள். வென்றுவிட்டோம்!

கிளார்க் பெண்ணைப் போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்து, முன்னையிலும் சத்தமாக, திரும்பி வாற ட்ரெயின் எப்ப என்று கேட்டாள்.