மூக்குக் குழாய், கைக் குழாய்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அந்த ஆளை என்னிடம் கூட்டி வாருங்கள். நான் பார்த்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கு. ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு வேன் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று கத்திக்கொண்டிருந்தது.

நான் கதை கட்டுகிறவள் இல்லை. ஊசி போடுகிறவள். பல வருடங்களாக வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். பொய் சொல்வாள் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

நம்பாவிட்டால் போங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் மட்டும், இதைப் படித்து முடித்ததும் ஒரு எட்டு அந்த அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியவர் எங்கள் ஏஜென்ஸி அக்கா. நர்ஸ்களை வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவது அவர்தான். அவரும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

“பெரியவருக்குப் பக்கவாதம். பேச்சு கிடையாது, விழுங்க முடியாது. உனக்குப் பகல் டூட்டி மட்டும்தான். மருமக ஒரு மாதிரி. வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு” என்றார்.

மருமகள் ஒரு மாதிரி இல்லை, பல மாதிரி. நான் உள்ளே நுழைந்ததும் ‘வாங்க’ என்ற ஒரு வார்த்தை வரவில்லை.

“செருப்பை வெளிய விடுங்க. சோபாவுல உக்காராதீங்க. அந்த பாத்ரூம் எங்களுக்கு.”

மகன் மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். பெரியவர் ஆரம்பித்த கடை. அதனால் வீட்டில் சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்டர் எதற்கும் குறைவில்லை. அட்டைப் பெட்டியில் கொட்டிக் கிடந்தன. பெரியவரின் அறையில் கதவுக்கு மேல் ஒரு கேமரா. மகன் கடையில் உட்கார்ந்தபடியே போனில் என்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும், எனக்கென்ன என்று வேலையைத் தொடங்கினேன்.

இனிமேல் சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பெரியவர் உடம்புக்குள் மருந்து போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாய். பால், கஞ்சி, பொடித்துக் கரைத்த மாத்திரை எல்லாம் அதில். இன்னொன்று வலது கை நரம்பில் ஏற்றியிருந்த ஊசியும் அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிய குழாயும். நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்குமான மருந்து அதில்தான் போகும், நேராக ரத்தத்துக்கு.

வயிற்றுக்குப் போனால் அந்த மாத்திரைத் தண்ணீர் மருந்து. அதையே ரத்தத்தில் ஏற்றினால் ஆள் காலி.

அதனால்தான் மூக்குக் குழாய்க்கென்று தனியாகப் பெரிய சிரிஞ்ச் வைத்திருக்கிறார்கள். அதன் முனை தடிமனாக இருக்கும். கைக் குழாயின் வாயில் தலைகீழாக நின்றாலும் பொருந்தாது. அதையும் நம்பாமல், மருந்தைத் தள்ளும் முன் குழாயை விரலால் தொட்டபடி, உடம்பில் எங்கே போய் நுழைகிறது என்று கடைசிவரை தடவிப் பார்ப்பேன். எத்தனை அவசரமானாலும் அதை விட்டதில்லை.

முதல் நாள் மதியம் மாத்திரைகளைப் பொடித்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தேன். பெரிய சிரிஞ்சில் உறிஞ்சித் தட்டில் வைத்துவிட்டு, மூலையிலிருந்த தொட்டியில் கிண்ணத்தைக் கழுவினேன். திரும்பி வந்தேன்.

பெரிய சிரிஞ்ச் காலியாக இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

அதன் பக்கத்தில் ஒரு சின்ன சிரிஞ்ச். கைக் குழாயில் கச்சிதமாகப் பொருந்துகிற சிரிஞ்ச். உள்ளே வெள்ளையாக மாத்திரைத் தண்ணீர். ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் நேராக ஹாலுக்குப் போனேன்.

“மேடம், மருந்துத் தட்டுல கை வச்சீங்களா?”

மருமகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் எதுக்கு வைக்கிறேன்? எனக்கு அந்த ரூமுக்குள்ள வரவே பிடிக்காது.”

“அப்ப யாரு?”

“உங்களுக்கே மறந்திருக்கும். வயசாகுதில்ல.”

என் வயது அவருக்கு எப்படித் தெரியுமோ! பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். சின்ன சிரிஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து கரைத்தேன். கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் உயரமான யாரையோ பார்க்கிற மாதிரி.

இரண்டாம் நாள் அதே நேரம். தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்... டக்... டக்.

உங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்து, குமிழி மேலே ஏற நகத்தால் சுண்டுகிற சத்தம் அது. தெரியாதவர்கள் சும்மா தட்டுவார்கள். இது பழகிய கை.

குழாயை மூடினேன். சத்தம் நின்றது.

தட்டில் மறுபடியும் சின்ன சிரிஞ்ச். மறுபடியும் வெள்ளை.

கதவு நான் சாத்தியபடியே சாத்தியிருந்தது.

மகனைக் கேமராவில் பார்க்கச் சொன்னால் பழி என் தலையில்தான் விடியும். ஆனாலும் ஓடிப்போகிற ரகம் இல்லை நான். பெரியவரின் முகத்தருகே குனிந்தேன். அவரால் கண்ணை மட்டும் சிமிட்ட முடியும். ஒரு சிமிட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. வந்த அன்றே மகன் சொல்லியிருந்தார்.

“ஐயா, இங்க யாராவது வந்தாங்களா?”

ஒரு சிமிட்டு.

“இப்பவும் இருக்காங்களா?”

ஒரு சிமிட்டு.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

ஒரு சிமிட்டு. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. அடுத்த கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அன்றைய பொழுதை ஓட்டினேன்.

மூன்றாம் நாள் ஒரு முடிவோடு போனேன். தொட்டிப் பக்கமே போவதில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அட்டைப் பெட்டியிலிருந்த சின்ன சிரிஞ்ச்களை எல்லாம் பையில் கட்டி, அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி யார் வந்து என்ன கிழித்துவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மணி இரண்டு. மாத்திரையைப் பொடித்தேன். கரைத்தேன். பெரிய சிரிஞ்சில் எடுத்தேன். மூக்குக் குழாயை விரலால் தடவ ஆரம்பித்தேன்.

அறைக்குள் திடீரென்று மருத்துவமனை வாசனை. பழைய ஸ்பிரிட் வாசனை...

அவ்வளவுதான் ஞாபகம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது பெரியவரின் கண்கள். இரண்டு சிமிட்டு. இரண்டு சிமிட்டு. இரண்டு சிமிட்டு. நிறுத்தாமல்...

இல்லை. இல்லை. இல்லை.

நான் கட்டிலின் மறுபக்கத்தில் நின்றிருந்தேன். வலது கை இருக்கிற பக்கம். எப்படி அங்கே போனேன்?

என் கையில் சின்ன சிரிஞ்ச்.

அது கைக் குழாயில் மாட்டியிருந்தது.

என் கட்டைவிரல் தள்ளிக்கொண்டிருந்தது.

நிறுத்த நினைத்தேன். விரல் நிற்கவில்லை. மரத்துப் போகவில்லை, நடுங்கவும் இல்லை. ரொம்ப நிதானமாகத் தள்ளியது. அவசரமே இல்லாமல். ரசித்து...

அந்த ஒரு சாண் குழாயில் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது.

பாதி.

முக்கால்.

“விடுடி!” என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று தெரியாது.

என் வலது கை மட்டும் இன்னும் என் சொல் கேட்டது. குழாயை ஊசிக்கு ஒட்டி மடித்தேன். அழுத்திப் பிடித்தேன். பிளாஸ்டரைப் பல்லால் கவ்விக் கிழித்தேன். ஊசியோடு சேர்த்து உருவி எறிந்தேன்.

ரத்தம்.

பஞ்சை வைத்து அமுக்கினேன். வெள்ளைத் தண்ணீர் தரையில் சிந்தியது. காதுக்குப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. சலித்துக்கொள்கிற பெருமூச்சு. என் முடி அசைந்தது.

பிறகு எதுவும் இல்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். இன்னும் அரை விரல் அளவு இறங்கியிருந்தால் என் கையாலேயே ஒரு உயிரை எடுத்திருப்பேன்.

அழுது முடித்து டாக்டருக்குப் போன் போட்டேன். “ஊசி கழண்டிருச்சு டாக்டர். ரத்தத்துல இனிமே எதுவும் வேணாம். அந்த மருந்தையும் மூக்குக் குழாய் வழியாவே குடுக்கிற மாதிரி மாத்திக் குடுங்க” என்றேன். “காய்ச்சல்தான் விட்டாச்சே, மாத்திக்கலாம்” என்றார். எனக்கு உயிர் வந்தது. வழியே இல்லாமல் பண்ணிவிட்டேன். வந்தது யாராக இருந்தாலும், இனி எந்தக் குழாயில் ஏற்ற முடியும்?

மகன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். கேமராவில் பார்த்திருக்கிறார்.

“எங்கப்பாவைக் கொல்லப் பாத்தியா? இந்தா, நீயே பாரு!”

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பார்த்தேன். நான்தான். பீரோவைத் திறக்கிறேன். பையை அவிழ்க்கிறேன். சின்ன சிரிஞ்சில் மருந்தை மாற்றுகிறேன். நகத்தால் சுண்டுகிறேன். கட்டிலைச் சுற்றிப் போகிறேன். நிமிர்ந்த நடை. என் நடை அப்படி இருக்காது, எனக்கு முட்டிவலி.

“தம்பி, நல்லாப் பாருங்க. நான் சோத்துக் கைக்காரி. இதுல எல்லாத்தையும் இடது கையால பண்றேன்.”

அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

“கிளம்புங்க சிஸ்டர். நாளையிலேருந்து வர வேணாம்.”

வாசலில் மருமகள் என் கைப்பையைத் திறந்து சோதனை போட்டுவிட்டுத்தான் விட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மகனிடமிருந்து போன்.

“ராத்திரி எப்படி உள்ள வந்தீங்க?”

“என்ன தம்பி சொல்றீங்க? நான் எங்க வீட்டுல படுத்திருந்தேன்.”

“அப்பா கால்ல புதுசா ஊசி ஏத்தியிருக்கு. பிளாஸ்டர் எல்லாம் சுத்தமா போட்டிருக்கு. கேமரா மேல பஞ்சுத்துணி மூடியிருக்கு. நீங்க இல்லாம வேற யாருக்கு அப்படி போடத் தெரியும்?”

பாயிலிருந்து துள்ளி எழுந்தேன்.

“அதை முதல்ல எடுங்க! அதுல எதையும் ஏத்தாதீங்க!”



“ஏத்தியாச்சு சிஸ்டர். குழாய் பூரா வெள்ளையா இருக்கு. அப்பா சில்லுன்னு கிடக்காரு.”

அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. நெஞ்சுச் சளியில் போய்விட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அன்று காலை ஏஜென்ஸி அக்காவைப் பிடித்து உலுக்கினேன். ரொம்ப நேரம் மழுப்பிவிட்டு, கடைசியில் சொன்னார்.

“அந்தப் பெரியவரோட சம்சாரம் நர்ஸ். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். இடது கைதான். போட்டா வலியே தெரியாது.”

“எப்படிச் செத்தாங்க?”

“இதே ரூம். இதே மாதிரி பேச்சு மூச்சில்லாம படுக்கை. மூக்குல ஒரு குழாய், கைல ஒரு குழாய். நர்ஸ் லீவு போட்ட அன்னிக்கு மதியம் அவர்தான் மருந்து குடுத்தாரு. மாத்திரைத் தண்ணியக் கைக் குழாய்ல ஏத்திட்டாரு. தெரியாம பண்ணிட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. எல்லாரும் நம்பினோம்.”

“அக்கா... பெரிய சிரிஞ்ச் அந்தக் குழாய்ல பொருந்தாதே?”

அக்கா டூட்டி நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

“இதெல்லாம் தெரிஞ்சும் என்னை ஏன் அனுப்புனீங்க?”

“ராத்திரி டூட்டிக்குப் போன ரெண்டு பேரு ஓடி வந்துட்டாங்கடி. பகல்ல ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாங்கிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி இன்னொன்றும் சொன்னார். அந்த அம்மாவுக்கு உடனே உயிர் போகவில்லையாம். அத்தனை நேரமும் பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போது அங்கே சமையல் செய்த பெண் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். வெளியே சொல்லப் பயந்து வேலையை விட்டே போனவள், ரொம்ப நாள் கழித்துத்தான் அக்காவிடம் சொன்னாளாம்.

சாயந்திரம் துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. மருமகள் வாசலிலேயே நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை வாசலோரமாக இழுத்துப் போனார்.

“சிஸ்டர், காலையில நான்தான் முதல்ல உள்ள போனேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இதைச் சொல்லல. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி கிடந்துச்சு, மாமா முகத்தைப் பாத்த மாதிரி. நாங்க யாரும் போடல.”

“எடுத்து ஓரமா வச்சீங்களா?”

“வச்சேன். உக்காந்த இடம் இன்னும் சூடா இருந்துச்சு.”