முடியும் நேரம் போட்ட வளைகாப்பு

ஜாம்நகரில் இருந்தபோது எனக்குக் குஜராத்தி தெரியாது என்பதால் எல்லாரும் என்னை மன்னித்தார்கள். கார்வாரிலும் அப்படித்தான். கடையில் தப்பான சாமானைக் காட்டினாலும், கோயிலில் தப்பான வரிசையில் நின்றாலும், பாவம் வெளியூர்க்காரி என்று விட்டுவிடுவார்கள். வள்ளியூர்ப் பக்கத்துக் கப்பற்படை முகாமுக்கு மாற்றல் வந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஏதோ சொந்த ஊருக்கே திரும்புகிற மாதிரி குதித்தோம். தமிழ் பேசுகிற ஊர், இனி என்ன கவலை என்று நினைத்தோம். அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்கியது. நம் மொழியையே பேசுகிற ஊரில் தப்புச் செய்தால் ஒருத்தரும் மன்னிக்க மாட்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

என் அப்பாவும் கப்பற்படைதான். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் விசாகப்பட்டினத்துக் குடியிருப்பில். தமிழ் எழுதப் படிக்க அம்மா வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தமிழ்நாட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதைச் சொல்லிக்கொடுக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு வாய்த்தவரும் கப்பற்படை. வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெள்ளை உடுப்பை மாட்டியவர், இன்றுவரை மனசுக்குள் அதைக் கழற்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஊர்ப்பழக்கம் முகாம் பழக்கம் ஒன்றுதான். ஒருத்தர் வீட்டுக்குப் போகுமுன் போன் செய்து கேட்க வேண்டும். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஐந்துக்குப் போக வேண்டும், ஆறுக்கு எழுந்துகொள்ள வேண்டும். மூன்று வருஷத்தில் மாற்றல் வரும் என்பதால் பாதிப் பெட்டியைப் பிரிக்கவே கூடாது.

முகாமுக்குள் குடியிருப்பு கிடைக்க வரிசை நீளமாக இருந்ததால், வள்ளியூரிலேயே ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு வந்தோம். வீட்டுக்கார அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை. முதல் நாளே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"கப்பல்படைங்கீரு. கப்பல எங்கன வே நிறுத்தியிருக்கீரு, குளத்துலயா?"

கப்பல் இல்லாமலும் கப்பற்படை உண்டு, கரையில் செய்யவும் வேலை இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கால் மணி நேரம் விளக்கினார். அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முதல் எங்கள் மாடிக்குப் பட்டாளத்து வீடு என்று பெயர். பட்டாளம் என்றால் தரைப்படை, நாங்கள் வேறு என்று இவர் தெருமுனை டீக்கடைவரை போய்த் திருத்திப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுதான வே" என்று டீயை நீட்டினார்களாம்.

அண்ணாச்சியின் மனைவிதான் எனக்கு வாய்த்த சோதனை. தினமும் காலைச் சமையல் முடிகிற நேரம் பார்த்து மாடியேறி வருவாள். கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. நேரே அடுப்படிக்கு வந்து, "என்ன கொழம்பு?" என்று கேட்டபடியே மூடியைத் திறந்துவிடுவாள். அப்புறம் ஏன் இன்னும் பிள்ளை இல்லை, மாமியார் எப்படி, இந்தச் சேலை என்ன விலை என்று ஒவ்வொன்றாக வரும். தன்னை மதினி என்று கூப்பிடச் சொன்னாள். அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற சொல்லை, நேற்றுப் பார்த்த பெண்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? நான் மேடம் என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள், நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன். வருமுன் தயவுசெய்து போன் செய்யவும் என்று எழுதியிருந்தேன். முகாமில் இது சாதாரணம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவள் அதை உரக்கப் படிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"வரலாமா?" என்றது அவள் குரல், போனிலும் என் முதுகுக்குப் பின்னாலும். திரும்பினால் அடுப்படி வாசலில் காதில் போனோடு நிற்கிறாள். "வந்துட்டேன். என்ன கொழம்பு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றிலிருந்து படிக்கட்டுக் கதவை உள்ளே தாழ்போட ஆரம்பித்தேன். அவள் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியதும் தெருவே நிறுத்திக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு அடங்கும். நல்லது, நிம்மதி என்று நான் இருந்தேன்.

அந்த நிம்மதியில்தான் நான் உண்டானேன். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஏழாம் மாதம் பிறந்தபோது என் வீட்டுக்காரருக்குக் கப்பல் உத்தரவு வந்தது. கப்பலே இல்லாத கப்பற்படைக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பல் முளைத்தது. பிரசவ நாளில் அவர் நடுக்கடலில் இருப்பார். மாமியார் இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்தார். அப்பாவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வேண்டும். முகாம் பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் வலி எடுத்தால் அவர்கள் அங்கிருந்து வண்டி பிடித்து வந்துசேர வேண்டும். நானே தாழ்போட்ட கதவுக்குப் பின்னால் தனியாகப் பிள்ளை பெறப்போகிறேன் என்ற பயம் வந்துவிட்டது.

"தெருவை நம்ம பக்கம் இழுக்கணும், அவ்வளவுதானே" என்றார் இவர். "நான் கிளம்பறதுக்குள்ள வளைகாப்பு வச்சிடலாம். எல்லாரும் வந்துடுவாங்க."

திட்டம் போடுவதில் இவரை அடிக்க ஆளில்லை. அழைப்பை அவரே கணினியில் அடித்தார். எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. குழாயில் தண்ணீர் வந்தால் யாராவது "தண்ணி வருது" என்று போடுவார்கள், நின்றால் "நின்னுட்டு" என்று போடுவார்கள். வேறு செய்தி அதில் வந்ததில்லை. அந்தக் குழுவில் எங்கள் அழைப்பைப் போட்டார். நிகழ்ச்சி: வளைகாப்பு. தொடங்கும் நேரம்: 1030. முடியும் நேரம்: 1200. உடை: பட்டுச் சேலை. வருகையை முன்கூட்டியே உறுதிசெய்யவும்.

நானும் படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று சொன்னேன். முகாமில் எந்த விருந்துக்கும் இப்படித்தான் அழைப்பு வரும், உடை போடாவிட்டால்தான் போன் செய்து கேட்பார்கள். எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. குழுவில் யாரும் பதில் போடவில்லை. மறுநாள் காலை, "தண்ணி வருது" என்று வந்தது.

வளைகாப்பு அன்று கூடத்தில் நாற்காலிகள் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றன. ஒவ்வொன்றையும் இவர் நூல் பிடித்த மாதிரி நகர்த்தினார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், சந்தனம், பன்னீர்ச் செம்பு, ஓட்டலில் சொல்லி வாங்கிய புளியோதரை, தயிர்ச்சாதம் எல்லாம் தயார். நான் அம்மாவின் பட்டைக் கட்டி, மாலையும் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். பத்தரை ஆனது. யாரும் வரவில்லை. இவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். போனில் டிங் என்றது. "தண்ணி வருது."

"தண்ணி பிடிச்சிட்டு வருவாங்க" என்றார் இவர்.

தண்ணீர் நின்ற செய்தியும் வந்தது. ஆள் வரவில்லை. பதினொன்றரைக்கு நான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, வெட்கமில்லாமல் சத்தம்போட்டு அழுதேன். நாற்காலிகளுக்கு நடுவே இவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் மனைவி, எங்கள் வீட்டுக்காரம்மா. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் குங்குமச் சிமிழ்.

"பன்னெண்டு மணிக்கு அனுப்பிருவியளாமே. அதான், சரியா அனுப்புத நேரத்துக்கு வந்தேன்" என்றாள்.

"யாருமே வரலை மேடம்" என்றேன்.

"எப்படி வருவாளுக? வளைகாப்புன்னா வீடு வீடாப் போயி, குங்குமம் குடுத்து, வாங்கன்னு வாயால கூப்பிடணும். நீ தண்ணி வருதுன்னு சொல்லுத இடத்துல சொல்லிருக்க. சரி, போட்டும். வாறதுக்கு முன்னாலயே, எப்ப எந்திச்சிப் போகணும்னு எவளாவது எழுதுவாளாட்டி? என்ன சேல கட்டணும்னு வேற உத்தரவு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கீழ வீட்டுல இருக்கேன் நான். எனக்குமில்ல போன்ல அழைப்பு. வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ அழுத சத்தம் கீழ கேட்டுட்டு."

இவர் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்திரி. மூஞ்சியக் கழுவு. பைய இறங்கு, படி வழுக்கும்."

அந்த வெயிலில் என் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அம்பாசமுத்திரம். கல்யாணமாகி வந்த புதிதில், எங்க ஊர் ஆத்துத் தண்ணி குடிச்ச வாய்க்கு இந்த ஊர்த் தண்ணி இறங்கல என்று குழாயடியில் சொல்லிவிட்டாளாம். ஒரு வருஷம் தெருவில் ஒருத்தியும் அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

"இன்னைக்கும் நான் இவளுகளுக்கு அம்பாசமுத்திரத்துக்காரிதான்" என்றாள். "உன்னப் பாத்ததும் என்னப் பாத்த மாதிரி இருந்திச்சு. அதான் வந்து வந்து கேட்டேன். நீ தாழ்ப்பாளப் போட்டுட்ட."

முதல் வீட்டு வாசலில் நின்று, சிமிழைத் திறந்து, "வளையல் போட வாங்க" என்றேன். கதவு உடனே திறந்தது. உள்ளிருந்து வந்தவள் பட்டுச் சேலையில் இருந்தாள். தலையில் மல்லிகை. கையில் எலுமிச்சைச் சாதம் நிறைந்த தூக்குச்சட்டி. அடுத்த வீட்டிலும் பட்டு, தேங்காய்ச் சாதம். அதற்கடுத்த வீட்டில் எள்ளுச்சாதம். தெருவே காலையிலிருந்து உடுத்தி, சமைத்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிட மாட்டார்களா என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒருத்தி என் முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"உடுப்பு சரியா இருக்கா? இல்ல, திருப்பி அனுப்பிருவியளா?"

சிரித்தபடியே அழுதேன். எல்லாரும் எங்கள் மாடிக்கு வந்ததும் வளையல் முழங்கைவரை ஏறியது. கன்னத்தில் சந்தனத்தை அப்பினார்கள். ஓட்டல் புளியோதரையை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார்கள். பன்னிரண்டு மணி தாண்டியதும் இவர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். "அதக் கழட்டி வைங்க தம்பி" என்றாள் வீட்டுக்காரம்மா. விளக்கு வைக்கும்வரை ஒருத்தியும் எழுந்துகொள்ளவில்லை. இவருடைய நாற்காலி வரிசை என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கடுத்த வாரம் இவர் கப்பலேறினார். நான் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினேன். கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்க மட்டும் மறந்துபோனேன்.

வலி நாள் தள்ளி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், முந்திக்கொண்டு வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஆரம்பித்து அப்படியே தரையில் உட்காரவைத்துவிட்டது. போன் கூடத்தில் கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடக் குரலும் வரவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரும் தட்டவில்லை.

"என்ன கொழ..." என்று வந்தவள் என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பிறகு சன்னலில் தலையை நீட்டித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள்.

அண்ணாச்சி கடைக்குச் சாமான் ஏற்றுகிற வேனில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஏழு பெண்கள் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் என் தலை ஒருத்தி மடியில், கால் இன்னொருத்தி மடியில். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இவர் கப்பல் எந்தக் கடலில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தனியாக இல்லை என்பது தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

"பாக்குற நேரம் முடிஞ்சிட்டு. எல்லாரும் வெளிய போங்க."

ஒருத்தியும் அசையவில்லை. வீட்டுக்காரம்மா குழந்தையை மடியில் வைத்தபடி நிதானமாகத் திரும்பினாள்.

"முடியுத நேரத்த எங்களுக்கு இவதாம்மா சொல்லுவா. பத்திரிகையிலயே போடுத ஆளு." என்னைப் பார்த்தாள். "ஏட்டி, எத்தன மணி போட்டுருக்க?"

"நேரம் போடலை மதினி" என்றேன்.