அக்கரைக் குழாய்

ஓட்டமாவடித் தேநீர்க் கடையில், என்னை முன்பின் அறியாத ஒரு மனிதர் என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, "கூகை மாஸ்டருக்கு ஒரு பிளேன்டீ!" என்று சத்தம் போட்டார். கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் "கூ..." என்று கூவினார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். ரோஷமுள்ளவன் எழுந்து போயிருப்பான். எனக்குத் தாகமாக இருந்தது, பஸ்ஸும் வரவில்லை. குடித்தேன். ஆனால் கோப்பையைக் கீழே வைக்கும் முன் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். அவனை விடக்கூடாது.

அவன் என்றால் எங்கள் இசைக்குழுவின் அறிவிப்பாளன். இரண்டொரு பாட்டும் பாடுவான். எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு பழைய வான் வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்துகொண்டிருந்தோம். வெள்ளைக் கோட்டும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக மேடையில் நிற்பவன் அவன். மேடைக்குப் பக்கத்தில் வால்வுகள் செக்கச் சிவந்திருக்கும் அம்பிளிபயருக்குப் பின்னால் வியர்வையில் ஊறிக் குந்தியிருப்பவன் நான். ஊர்ச் சனம் என்னைப் பெட்டிக்காரன் என்று சொல்லும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மைக் கூவுவது ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அதைச் சொல்ல எவனும் எனக்கு இடம் தரவில்லை. மைக்கைக் கொண்டுபோய் ஒலிபெருக்கிக் குழாய்க்கு முன்னால் பிடித்தால், குழாயின் சத்தம் மைக்குக்குள் போகும், மைக்கின் சத்தம் திரும்பக் குழாய்க்குள் போகும், இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஊரே காதைப் பொத்தும்படி கூவும். அவ்வளவுதான். மைக்கைப் பிடித்தவன் நின்ற இடத்தில் நின்றால் கூவாது.

அவன் நிற்க மாட்டான். கரடியனாற்றில் அறுவடை முடிந்த கையோடு ஒரு கச்சேரி. பெண்கள் பக்கம் போய் ஒரு வரி பாட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, நேராகக் குழாயின் வாய்க்குள் நடந்தான். கூவியது பாருங்கள், வயல் வட்டையில் நின்ற மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. நான் பதறிப்போய்ச் சத்தத் திருகியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். என் கை அப்படி. பியூஸ் போனால்கூட அம்பிளிபயரைத் தொட்டுப் பார்க்கும் முன் என் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான்.

சத்தம் அடங்கியதும் அவன் மைக்கில் சொன்னான்: "பயப்பிடாதீங்க, எங்கட பெட்டிக்குப் பின்னால ஒரு கூகை குந்திக்கொண்டு இருக்கு. அதுக்குப் பசி வந்தா இப்பிடித்தான்."

கரடியனாறு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எந்த ஊரில் வானை விட்டு இறங்கினாலும் எங்காவது ஒரு வேலிக்குப் பின்னாலிருந்து "கூ..." என்று வரும். கிரானில் ஒரு கிழவர் எனக்கு வழி சொல்லிவிட்டு, போகும்போது தனக்குள் மெதுவாகக் கூவிப் பார்த்துக்கொண்டார். என் மனைவியின் தம்பிமார் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அவனிடம் நேரே போய்க் கேட்டேன். "மச்சான், மேடையில சொன்னத மேடையிலயே திருப்பிச் சொல்லு. நீதானே குழாய்க்கு முன்னால வந்தாய்?"

"அது பகிடி கா. பகிடிக்கெல்லாம் மூஞ்சிய நீட்டுறியே."

"எனக்குப் பகிடியா இல்ல."

"சனத்துக்குப் பகிடியா இருந்திச்சுதே. மறுகா என்ன?" என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினான். அந்தத் தட்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குத் தீர்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில் கச்சேரி நடந்தால், மேற்குப் பக்கம் படுவான்கரைச் சனம் எல்லாரும் தோணி பிடித்து வர முடியாது. அவர்களுக்காகத் தண்ணீர்க் கரையில் ஒரு மரத்தில் தனியாக ஒரு குழாயை அக்கரையைப் பார்த்துக் கட்டுவோம். அக்கரைக் குழாய் என்று அதற்குப் பேர். அதற்கென்று ஒரு சின்ன அம்பிளிபயர், தனி வயர், தனிப் பொத்தான். சத்தம் நன்றாகப் போய்ச் சேர்ந்தால் அக்கரையில் யாராவது லாம்பைத் தூக்கி ஆட்டுவார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நேரத்தில் லாம்பு ஆடாது. காற்று விழுந்துவிட்டால் அக்கரையில் இருமுகிறவனுக்குக்கூட எங்கள் பாட்டுக் கேட்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். ஆகவே எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லாரும் மாமியின் கூரைக்குக் கீழே வாழ்கிறவர்கள். அதை மறக்க நாலு ஆண்கள் ஒன்றுசேர்ந்தால் முதலில் மாமிமாரைத்தான் திட்டுவார்கள்.

அவனுடைய மாமி வீடு படுவான்கரையில், துறைக்குப் பக்கத்தில்.

இந்த இரண்டையும் என் மண்டையில் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்ட நாளில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். வாவி ஒடுங்கிய ஓர் இடத்தில், அவன் மாமி வீட்டுக்கு நேர் எதிரே, கோயில் வெளியில் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தோம். இடைவேளையில் பெரிய அம்பிளிபயரில் இசைத்தட்டுப் போடுவேன். இந்தக் கரைச் சனம் அதைக் கேட்கும். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்துதான் அவன் தேநீர் குடிப்பான். அங்கே ஒரு மைக்கைத் துவாய்க்குக் கீழே வைத்து, அதைச் சின்ன அம்பிளிபயரோடு கோத்துவிட்டால் அவன் பேசுவது அக்கரைக்கு மட்டும் போகும். இந்தக் கரையில் ஒரு காக்கைக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

என் வெற்றியைப் பார்க்க வேண்டும் என்று மனைவியையும் என் மாமியையும் கூட்டி வந்து முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினேன். என்ன வெற்றி என்று சொல்லவில்லை. "இண்டைக்கு ஒரு விசேசம் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். என் மாமி புதுச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

பின்னேரம் முழுக்கக் கச்சான் அடித்தது. மேடைக் கொடி என்னைப் பார்த்து ஆடிக்கொண்டே இருந்தது. பொழுது படும் நேரம், ஒரு சுருட்டைப் பற்றவைத்து அதன் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுருட்டுக் குடிப்பதில்லை. இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வந்த நேரத்தில் புகை நேராக மேலே போயிற்று. அக்கரையில் ஒரு லாம்பு ஆடியது. சுருட்டை அணைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

இடைவேளை வந்தது. இசைத்தட்டைப் போட்டேன். அவன் தேநீரோடு வந்து பலகையில் இருந்தான். நான் துவாயைத் தொட்டுப் பார்த்தேன், சின்ன அம்பிளிபயரின் பொத்தானைப் போட்டேன், போட்டேனா என்று பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை. தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். கோப்பை காலியாகிக்கொண்டு வந்தது. பதற்றத்தில் நானே இறங்கினேன்.

"மச்சான், என்ர மாமி குறட்டை விட்டாவெண்டா இந்தப் பெரிய பெட்டியே வெக்கப்படும்."

அவன் சிரித்தான். "அது மட்டுமா?"

"கூரையில உள்ள பல்லியெல்லாம் பக்கத்து வளவுக்குப் போயிட்டு" என்றேன்.

அதுதான் கதவு. அவன் உள்ளே நுழைந்துவிட்டான். "நீ குடுத்துவச்சவன். உன்ர மாமி நித்திரையிலதானே சத்தம் போடுறா. என்ர மாமிக்கு விடிஞ்சா தொடங்கும். வீடு என்ர மகளுக்கு, வளவு என்ர மகளுக்கு எண்டு சோத்தோட சேத்து எனக்குத் தாறா. அவ ஆக்கிற மீன் ஆணத்த வாவியில ஊத்திப் பாரு. உள்ள மீனெல்லாம் கரையேறி வந்து அழும். அவட கோழி என்னப் பாக்கிற பார்வையும் அவட பார்வைதான் கா."

நான் கேட்டுக்கொண்டே தண்ணீரின் பக்கம் பார்த்தேன். அக்கரையில் ஒரு லாம்பு ஆடியது. பிறகு நாலைந்து. பிறகு துறை முழுக்க லாம்பு. அங்கே திருவிழாப் போல இருந்தது. அவன் இன்னும் கோழியை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு ஒரு லாம்பு மட்டும் மற்றவற்றை விட்டுப் பிரிந்து தண்ணீருக்கு மேலே வரத் தொடங்கியது.

தோணி. இதை நான் நினைத்திருக்கவில்லை. அவன் நாளைக்கு வீட்டுக்குப் போவான், அங்கே அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும் என்பதுதான் என் திட்டம். லாம்பு நிதானமாக, நேராக, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பொத்தானை அணைத்தேன். துவாயால் முகத்தைத் துடைத்தேன், மைக் கீழே விழுந்தது. "என்னகா, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு அவன் மேடைக்குப் போனான்.

அவன் அடுத்த பாட்டை அறிவிக்கும் நேரத்தில் அவனுடைய மாமி வந்தார். நெடிய மனுசி. சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. ஒரு கையில் லாம்பு. சனம் தானாக விலகி வழி விட்டது.

அவன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. "அக்கரையில இருந்து தோணி ஏறி எங்கட மாமியே கச்சேரி பாக்க வந்திருக்கா! எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நன்றாகத் தட்டினேன். மாமி மேடையில் ஏறி, லாம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"என்ர ஆணத்த வாவியில ஊத்தினா மீன் கரையேறி வந்து அழுமோ, மருமகன்?"

அவன் லாம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"என்ர கோழி உங்களப் பாத்தது பிழையோ? நாளையில இருந்து அதுக்கு நீங்க தேவையில்ல. உங்கட உடுப்புப் பெட்டிய அடுத்த தோணியில அனுப்பிவிடுறன். எங்க வேணுமெண்டாலும் போய்ச் சோறு தின்னுங்க."

சனத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வந்த சிரிப்புக்குக் கரடியனாற்றுச் சிரிப்பு காற்றில் போன தூசு. நான் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அதை ஒவ்வொரு சுளையாகச் சுவைத்தேன். அப்போது மாமி இன்னும் மைக்கை விடவில்லை என்பதைக் கவனித்தேன்.

"மற்றது, இவரோட கூட இருந்து கதைச்ச கூட்டாளி ஆரு? தன்ர மாமி குறட்டை விட்டா பல்லியெல்லாம் பக்கத்து வளவுக்குப் போகுதெண்டு சொன்னவன்? பாவம், அந்த மனுசிக்கும் தெரியத்தானே வேணும்."

அக்கரைக்குப் போன சத்தம் தோணி ஏறித் திரும்பி வரும் என்று எந்த ஒலிபெருக்கிக்காரனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பெட்டிக்குப் பின்னால் முடிந்தவரைக்கும் சின்னதானேன். அறிவிப்பாளன் லாம்பை உயர்த்தி, அதன் வெளிச்சம் சரியாக என் முகத்தில் விழும்படி பிடித்தான். முன்வரிசையில் புதுச் சேலை எழுந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வீடில்லை. வாத்தியங்களும் குழாய்களும் வைக்கும் ஓலைக் கொட்டிலில், அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் விடியற்காலையில் நான் மைக் சோதிக்க வேண்டியிருந்தது. தொழில் அப்படி. குழாயின் வாய் அவன் தலைமாட்டில் இருந்தது இடநெருக்கடியால்.

என் மாமி என்னை முதலில் மன்னித்தார். "வந்து படுங்க மருமகன். இண்டைக்கு நான் முழிச்சிருக்கிறன், நீங்க பயமில்லாம நித்திரை கொள்ளுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் பாயைச் சுருட்டும்போது அவன் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், அக்கரைக் குழாயை ஒருக்காக் கட்டித் தா. மாமிக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். தோணியில போனா அவ இறங்க விடுறா இல்ல."

"கட்டலாம். ஆனா முதல்ல ஒண்டு சொல்லணும்."

கரடியனாற்றுக் கதைதான் என்று அவனுக்குத் தெரியும்.

அன்று பொழுது படும் நேரம் அதே மரத்தில் குழாயைக் கட்டினேன். அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இந்தக் கரையிலும் சனம் கூடிவிட்டது. அவன் மைக்கில் சொன்னான்: "கரடியனாற்றில கூவினது பெட்டிக்காரன் இல்ல. நான்தான் மைக்கோட குழாய்க்கு முன்னால போனன். பிழை என்ர. அவரக் கூகை எண்டு சொன்னது பொய்."

அக்கரையில் லாம்புகள் ஆடின. அவன் அதைப் பார்க்கவில்லை. பாட்டுக்காரன் அல்லவா, உருகத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்டான். ஆணத்தைப் புகழ்ந்தான். கோழியைக்கூடப் புகழ்ந்தான். மாமி கேட்டிருந்தால் அந்த நிமிசமே தோணி அனுப்பியிருப்பார்.

சின்ன அம்பிளிபயரின் பொத்தான் என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. "மாமி" என்று அவன் தொடங்கிய இடத்தில் அதை அணைத்திருந்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான். சத்தம் நின்றதால் லாம்புகளும் போய்விட, அக்கரை இருட்டாக இருந்தது.

"லாம்பு ஆடினதா?"

"இல்லையே மச்சான். கச்சானாக்கும். இன்னொருக்காச் சொல்லு, கொஞ்சம் சத்தமா."

மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல்ல இருந்தா?"

"ஓம். கூகையில இருந்து."