பூச்சிமருந்துக் கிடங்கில் ஒரு பாட்டுக்கூடம்

சாலைக் கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த பழைய பூச்சிமருந்துக் கிடங்கை, பாட்டும் நாடகமும் பழகுகிற கூடமாக்க எங்கள் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. தரையில் மருந்துத் தூள் படிந்திருக்கிறது, பயிற்சி பெற்றவர்கள் வந்து அள்ளும்வரை தொடாதீர்கள் என்று அதிகாரி சொல்லியிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சரஸ்வதி பூஜைக்கு அங்கே விளக்கேற்றிவிட வேண்டும். விளக்கேற்றுகிற இடத்தைக் கழுவிவிடுவதுதானே நம் வழக்கம்?

மலையாளம் கலந்து பேசுகிற பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். தன் கிணற்று மோட்டாரில் குழாயை மாட்டி மதிலுக்கு மேலே நீட்டினார்.

“எத்தன வெள்ளம் வேணும்னாலும் எடுத்துக்கோ மோளே. பூஜைக்கு என் பிள்ளையும் பாடுவா, கேட்டோ!”

குழாயோடு வாசலில் நின்றபோதுதான், கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்தேன். வாசலை ஒட்டிய மூலையில், மதிலின் அடியில் ஒரு ஓட்டை. குனிந்தால், அந்தப் பக்கம் அவருடைய கிணற்றுச் சுவர் தெரிந்தது.

“மோட்டார் போடட்டா?” என்றார் அக்கா.

உண்மையைச் சொன்னால் கூடமே வேண்டாம் என்று எதிர்ப்பாரோ? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“போடாதீங்க அக்கா. உள்ள விஷம் கிடக்கு. கழுவினா உங்க கிணத்துக்குத்தான் வரும்.”

அக்கா என் கையிலிருந்த குழாயை மதிலுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அடிப்பாவி, இதுக்கா நான் வெள்ளம் தந்தேன்?”

உள்ளே போனவர் ஒரு சட்டி சிமென்டோடு திரும்பினார்.

“வீட்டு வேலைல மிச்சம். இந்தப் பக்கத்துலேருந்தே ஓட்டைய அடைச்சிடலாம், வா. பூஜை அடுத்த வருஷமும் வரும்.”

ஊருக்கு ஒரு கூடம் வேண்டும் என்று எல்லோரிடமும் பேசித் திரிந்தவள் நான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் ஊர்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.