யாரிடம் சொல்வது, காலேனேயிடமா அக்காளிடமா?

முறையறிந்து அழைத்தல் பக்திக்கு அணி. முறை தவறினால் மனிதர் முகம் சுளிப்பர். கடல் தெய்வங்கள் சுளித்தாலோ படகு திரும்பாது. அவ்வணியை அஞ்சி அஞ்சிப் பூண்டவள் எங்கள் தேனோஸ் தீவின் நிகாரெத்தே. மீனவன் கல்லிடெமோஸின் மனைவி.

வடகாற்று எழுந்த நாளில் சூரை மீன் பிடிக்கச் சென்ற கணவன் கரை சேரவில்லை. விடிந்ததும் அவள் தேன் கலந்த பாலை ஒரு சிறு குடத்தில் ஏந்திக் கரைப்பாறைக்கு வந்தாள். கடலைத் தணிப்பவள் காலேனே. கடற்கிழவர் நேரேயுஸின் ஐம்பது புதல்வியருள் ஒருத்தி. கடலைக் கலக்குபவன் பொசைடன். காலேனேயின் அக்காள் ஆம்பித்ரிதேயின் கணவன். இருப்பதோ ஒரு குடம். யாருக்கு ஊற்றுவது?

உப்பு அள்ளும் மிர்ட்டலே, அடுத்த வீட்டுக்காரி, உடன் வந்திருந்தாள்.

“காலேனேக்கே ஊத்துடி!”

“அதெப்படிக்கா? கல்யாணமாகாத பொண்ணு, அக்கா புருஷன் முன்னாடி வாய் திறப்பாளா?”

“அப்ப அக்காகாரிக்கு ஊத்து.”

“அவதான் வாழப் போயிட்டாளே. இந்தப் பாறை அவ அப்பன் வீட்டுதுக்கா. இங்க கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமா?”

“அப்பனுக்கே ஊத்தித் தொலை!”

“மாமனார் சொல்லி எந்த மாப்பிள்ளைக்கா கேட்டிருக்கான்?”

“என் மாப்பிள்ளை கேக்கமாட்டான், வாஸ்தவம். ஆனா நீ நிக்கிற நிப்புல பால் தயிராயிடும்!”

நிகாரெத்தே குடத்தைச் சாய்த்தாள். ஊற்றும்போது, “பொசைடன் பெண்டாட்டி காலேனேயே!” என்று கலங்கி அழைத்துவிட்டாள்.

“அடிப்பாவி! தங்கச்சியையா அவனுக்குக் கட்டி வெச்சே? அக்காகாரி சும்மா விடுவாளா?”

குடம் காலி. அலையொன்று பாறைமேல் ஏறி அறைந்தது. நிகாரெத்தே தன் மணநாள் அரைக்கச்சையை அவிழ்த்துக் கடலில் எறிந்தாள்.

“அம்மா ஆம்பித்ரிதே! உன் புருஷன் உனக்குத்தான். என் புருஷனை எனக்குக் குடு!”

நண்பகலில் முனையைச் சுற்றிப் பாய்மரம் தெரிந்தது. காற்று தணியவேயில்லை.

“பின்னாலேர்ந்து ஒரு அலை தூக்கி எறிஞ்ச மாதிரி இருந்துச்சு,” என்றான் கல்லிடெமோஸ்.

அது கோபத்தில் எறிந்ததா, அருளில் தூக்கியதா? தங்கையா, அக்காளா, கணவனா? அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் அவள் ஒருவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. திருமணத்திற்குச் சம்பந்தி வீட்டாரை அழைப்பதுபோல், “எல்லாரும் வந்துடுங்க” என்றே ஊற்றுகிறாள்.

அழைப்பை ஏற்று வந்தவர் எவரோ, அவரும் அவர் சுற்றமும் கல்லிடெமோஸின் வீட்டு அடுப்பையும், படகையும், அங்கே பிறக்கும் பிள்ளைகளையும் காத்தருள்க.